போலீஸ் கூப்பிட்டால்: எதைக் கேட்க வேண்டும், எதை எழுதிவைக்க வேண்டும்

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரின் ஒரே ஒரு தாளை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறோம். 2019-ஆம் வருஷத்துத் தாள். நல்ல நேரம், ராகு காலத்துக்குக் கீழே இருக்கும் கொஞ்ச இடத்தில் அம்மா பென்சிலால் எழுதியிருக்கிறார்: “ராத்திரி 10.40. வெள்ளை ஜீப். நாலு பேர். யூனிபார்ம் இல்லை.” அதற்கும் கீழே, வண்டி எண்ணின் கடைசி நாலு இலக்கம்.

என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போன ராத்திரி அது. கோயில் கொடையில் நடந்த ஒரு கைகலப்பில் அவன் பெயரையும் யாரோ சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். “சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிருவோம்மா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மறுநாள் காலையில் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றால், “அப்படி யாரையும் நாங்க கொண்டுவரலையே” என்றார் பாராவில் நின்றவர். அவனைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தியது மூன்றாம் நாள் பிற்பகல் 3 மணிக்கு. கைதுக் குறிப்பிலோ, இரண்டாம் நாள் மாலை 5 மணிக்குப் பேருந்து நிலையத்தில் பிடித்ததாக இருந்தது. தாளைப் பார்த்தால் 22 மணி நேரம். அம்மாவின் காலண்டரைப் பார்த்தால் 40 மணி நேரம்.

நான் ஒரு வக்கீல் குமாஸ்தா. தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் கோர்ட்டில் 18 வருஷமாக இதே வேலை. ஜாமீன் மனு டைப் செய்வது, ஷூரிட்டிக்காரர்களை, அதாவது ஜாமீனுக்குப் பொறுப்பேற்பவர்களை, கூட்டி வருவது, நகல் மனு போடுவது, ரிமாண்ட் (கைதானவரைக் காவலில் வைக்க உத்தரவிடுவது) நேரத்தில் கோர்ட் வராந்தாவில் அழுதுகொண்டு நிற்பவர்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுப்பது எல்லாம் என் வேலைதான். வழக்கு வாதாடுவது வக்கீல் வேலை. அதை நான் சொல்ல வரவில்லை. வக்கீல் வந்து சேருவதற்கு முன்னால் உள்ள அந்தச் சில மணி நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதுகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தைக் கெஞ்சுவதிலேயே கழித்துவிட்டு வருகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை.

முதலில் சட்டத்தில் மூன்றே மூன்று இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றும் அரசியலமைப்புச் சட்டத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. 20-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு: குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. 21-ஆம் பிரிவு: சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. 22-ஆம் பிரிவு: கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், தனக்குப் பிடித்த வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தாலும் நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மாறுபட்டு எழுதினார். அதற்குப் பிறகு 1978-இல் 44-ஆவது திருத்தம் வந்தது. நெருக்கடி நிலை அறிவித்தாலும் 20, 21 இரண்டையும் நிறுத்தி வைக்க முடியாது என்று ஆனது. 1976 தீர்ப்பு தவறு என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியும்விட்டது. நாட்டுக்கே நெருக்கடி என்றாலும் பறிக்க முடியாத ஒன்றை, ராத்திரி 10.40-க்கு வந்த நாலு பேர் பறித்துக்கொண்டு போனால் அதைக் கேட்காமல் எப்படி இருப்பது?

சரி, நடைமுறைக்கு வருவோம்.

போனில் கூப்பிட்டால்

நூற்றுக்குத் தொண்ணூறு தொல்லை போனில்தான் ஆரம்பிக்கிறது. “உங்க மேல ஒரு பெட்டிஷன் வந்திருக்கு, சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வாங்க.” நம் ஆட்களும் என்ன ஏது என்று கேட்காமல் பதறிக்கொண்டு போவார்கள். போனால் காலை முதல் இரவு வரை பெஞ்சில் உட்கார வைப்பார்கள். கடைசியில் பார்த்தால் பக்கத்து நிலத்துக்காரர் வரப்புத் தகராறு கொடுத்திருப்பார், இல்லையென்றால் வட்டிக்கு விட்டவர் பணத்தைக் கேட்டு மனு போட்டிருப்பார். இதெல்லாம் சிவில் விவகாரம். நிலம் யாருடையது, கடன் எவ்வளவு என்று தீர்மானிக்க ஸ்டேஷனுக்கு அதிகாரமே கிடையாது.

போன் வந்தால் மரியாதையாகவே இப்படிக் கேளுங்கள்: “ஐயா, கண்டிப்பா வர்றேன். மனு யார் கொடுத்தது, சி.எஸ்.ஆர். நம்பர் என்ன? எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தா குற்ற எண் சொல்லுங்க. எந்தத் தேதி, எத்தனை மணின்னு ஒரு நோட்டீஸ் கொடுத்துடுங்க, அந்த நேரத்துக்கு வந்து நிக்கிறேன்.” சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கு ஸ்டேஷன் போடும் ரசீது. இதில் எதிர்த்துப் பேசுவது எதுவும் இல்லை. இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 160) சாட்சி விசாரணைக்கு எழுத்து மூலம்தான் அழைக்க வேண்டும் என்கிறது. வேறு சட்டத்தின் பெயரைச் சொல்லாதவரை, இனி நான் சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் இந்தச் சட்டத்தில் உள்ளவை. விசாரணை என்ற பெயரில் போலீஸ் தொல்லை செய்வதாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் மதுரைக் கிளைக்கும் எத்தனையோ மனு போயிருக்கிறது. நானே பல மனுக்கள் டைப் செய்திருக்கிறேன். உத்தரவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும்: தேதியும் நேரமும் குறிப்பிட்டு எழுத்து மூலம் அழைக்க வேண்டும், விசாரித்ததை ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிய வேண்டும், வந்தவரைத் துன்புறுத்தக் கூடாது.

பேசி முடித்ததும் அந்த எண்ணையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். பெயரைக் கேளுங்கள். சொல்லாவிட்டால் “பெயர் சொல்லவில்லை” என்றே எழுதுங்கள்.

பெண்கள் விஷயத்தில் இந்த 179-ஐ மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்பேன். 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண், எந்த வயதுப் பெண்ணும், மாற்றுத்திறனாளி, கடும் நோயாளி, இவர்கள் யாரையும் சாட்சி விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்ல முடியாது. போலீஸ்தான் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். அவர்களாக விரும்பி ஸ்டேஷனுக்குப் போனால் அது வேறு. எங்கள் பக்கம் ஆள் கிடைக்கவில்லை என்றால் மனைவியைக் கொண்டுபோய் உட்கார வைப்பது, அம்மாவைக் கொண்டுபோய் உட்கார வைப்பது என்று ஒரு பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அப்படி யாராவது கேட்டால், “179 படி வீட்டுலயே விசாரிங்க ஐயா, பெண் போலீஸோட வாங்க, நாங்க ஒத்துழைக்கிறோம்” என்று சொல்லலாம். இதைச் சொல்லும்போது பக்கத்தில் இரண்டு பேர் நிற்கட்டும். தனியாக நின்று சட்டம் பேசுவது கஷ்டம், அது எனக்கும் தெரியும்.

நோட்டீஸ் வந்தால் போய்விடுங்கள்

சந்தேகத்துக்குரியவராகவே கருதி அழைத்தால் வருவது 35-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு நோட்டீஸ். வக்கீல்கள் இன்னும் பழக்கத்தில் பழைய சட்டத்தின் எண்ணைச் சொல்லி “நாற்பத்தொண்ணு ஏ” என்பார்கள். இதைப் பார்த்துப் பயந்து ஊரைவிட்டு ஓடுகிறார்கள். அதுதான் பெரிய தப்பு. அந்த நோட்டீஸ் உங்களுக்குக் கேடயம். அதன்படி போய் ஆஜராகிக்கொண்டே இருந்தால், கைது செய்வது ஏன் அவசியம் என்று காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருந்தால் அதையே காரணமாகக் காட்டிக் கைது செய்துவிடலாம். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யும் பழக்கத்தை 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்து, கைது ஏன் தேவை என்பதை போலீஸ் எழுத வேண்டும், நடுவரும் அதைப் பார்த்துத்தான் ரிமாண்ட் செய்ய வேண்டும் என்றது.

இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறைப்படி கொடுத்ததாக ஆகாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்காக வாட்ஸ்அப்பில் வந்ததைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வக்கீலிடம் காட்டுங்கள். போகிற அன்று நோட்டீஸின் நகலை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு நகலைக் கையில் கொண்டு போங்கள். ஸ்டேஷனுக்குள் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் உடன் வந்தவர் எழுதட்டும்.

வாசலில் வந்து நின்றால்

தடுக்காதீர்கள், தள்ளாதீர்கள், சட்டையைப் பிடிக்காதீர்கள். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக அடுத்த வழக்கு தயாராகிவிடும். கேள்வி மட்டும் கேளுங்கள். கேள்வி மூன்று போதும். எந்த ஸ்டேஷன்? என்ன வழக்கு? எங்கே கொண்டு போறீங்க? மற்றதைக் கண்ணால் பார்த்து எழுதுங்கள்: நேரம், வண்டி எண், எத்தனை பேர், சீருடையா மஃப்டியா, நெஞ்சில் பெயர்ப் பட்டை இருக்கிறதா, இருந்தால் என்ன பெயர்.

36-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், கைது செய்யும் அதிகாரி தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைது செய்யும்போதே கைதுக் குறிப்பு தயாரிக்க வேண்டும். அதில் வீட்டு ஆள் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும், கைதாகிறவரும் கையெழுத்துப் போட வேண்டும். இது 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த பதினோரு கட்டளைகளிலிருந்து வந்தது. பிறகு சட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

அந்தக் குறிப்பில் நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட நேர்ந்தால் ஒன்றே ஒன்றைப் பாருங்கள். மேலே எழுதியிருக்கும் நேரம். அது தவறாக இருந்தாலோ காலியாக இருந்தாலோ, உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் கையாலேயே அப்போதைய தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். “கையெழுத்து மட்டும் போடும்மா” என்பார்கள். “நேரம் போட்டுத்தான் சார் எனக்குப் பழக்கம்” என்று சொல்லிவிட்டு எழுதிவிடுங்கள். என் தம்பிக்கு அன்றைக்குக் குறிப்பு எதுவும் போடவில்லை, அதனால்தான் பேருந்து நிலையக் கதை எழுத முடிந்தது.

வீட்டைச் சோதனை போட்டால் அக்கம்பக்கத்திலிருந்து இரண்டு பேரைச் சாட்சியாக வைக்க வேண்டும், எடுத்த பொருளுக்குப் பட்டியல் போட்டு நகல் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் சோதனையையும் பறிமுதலையும் செல்போனிலாவது வீடியோ எடுக்க வேண்டும் என்று 105-ஆம் பிரிவு சொல்கிறது. “வீடியோ எடுக்கிறீங்களா சார்?” என்று கேளுங்கள், அவர்கள் சொன்ன பதிலையும் எழுதுங்கள். வீட்டுப் பத்திரம், ஆர்.சி. புக், செல்போன் என்று எதை எடுத்தாலும் பட்டியலில் வந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன பொருளைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பெண்ணைக் கைது செய்ய வந்தால், சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் கூடாது. மிக விசேஷமான காரணம் இருந்தால், பெண் அதிகாரி, முதல் வகுப்பு நடுவரின் முன் அனுமதியோடுதான் செய்யலாம். இதை மீறினாலே கைது செல்லாது என்று ஆகிவிடாது, ஆனால் அந்த அதிகாரி விளக்கம் சொல்லியாக வேண்டும் என்று மதுரைக் கிளை 2025-இல் சொன்னது. ஆகவே கைதே செல்லாது என்று நின்ற இடத்தில் வாதாட வேண்டாம். அனுமதி உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். 60 வயது தாண்டியவர், உடல் நலிந்தவர் என்றால், மூன்று வருஷத்துக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்துக்கு டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது. வீட்டுப் பெரியவரின் ஆதார் அட்டை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வண்டி கிளம்பிய பிறகு

என் சீனியர் வக்கீல், இப்போது 70 தாண்டியவர், இதற்கு ஒரே மருந்து வைத்திருந்தார்: தந்தி. ஆளைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்ட நிமிஷமே குமாஸ்தாவைத் தந்தி ஆபீசுக்கு விரட்டுவார். எஸ்.பி.க்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, நடுவர் நீதிமன்றத்துக்கு ஒன்று. “இன்னாரை இத்தனை மணிக்கு இன்ன இடத்திலிருந்து போலீஸார் கொண்டு சென்றனர், உயிருக்கு ஆபத்து.” தந்தி ரசீதில் முத்திரையோடு நேரம் விழுந்துவிடும். நாளைக்கு அவர்கள் எந்த நேரத்தை எழுதினாலும், ஆள் அதற்கு முன்பே காணாமல் போனதற்கு அரசாங்கமே முத்திரை குத்தின சாட்சி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நானே அந்த ரசீதுகளை வழக்குக் கட்டுக்குள் ஒட்டியிருக்கிறேன். 2013 ஜூலையோடு தந்தி சேவை நின்றுவிட்டது.

இன்றைக்கு அந்த வேலையை மின்னஞ்சல் செய்கிறது. எஸ்.பி. அலுவலகம், டி.எஸ்.பி., மாநில மனித உரிமை ஆணையம் மூன்றுக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பலாம். விடிந்ததும் அதையே அச்செடுத்து ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்ப வேண்டும், நடுவர் நீதிமன்றத்தில் வக்கீல் மூலம் ஒரு மனுவாகவும் கொடுக்க வேண்டும். அம்மா எழுதிய அந்தக் காலண்டர் தாளை வைத்துக்கொண்டு அன்று நான் அனுப்பியது இவ்வளவுதான்:

“ஐயா, என் தம்பி, வயது 26, இன்று இரவு 10.40 மணிக்கு எங்கள் வீட்டிலிருந்து சாதாரண உடையில் வந்த நான்கு நபர்களால், போலீஸ் என்று சொல்லி, வெள்ளை நிற ஜீப்பில் கொண்டு செல்லப்பட்டார். வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் இவை. காரணம் சொல்லவில்லை. கைதுக் குறிப்பு தரவில்லை. அவர் நல்ல உடல்நலத்துடன், எந்தக் காயமும் இல்லாமல் இருந்தார். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிவிக்கவும், சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் ஆஜர்படுத்தவும் வேண்டுகிறேன்.”

“காயமும் இல்லாமல்” என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். அதில் கோபத்தைக் காட்டாதீர்கள், யாரையும் திட்டாதீர்கள், தெரியாததை எழுதாதீர்கள். அடித்தார்கள் என்று பார்க்காமல் எழுதினால், மற்றதெல்லாம் உண்மையாக இருந்தாலும் அந்த ஒன்றை வைத்தே முழுவதையும் பொய் என்பார்கள்.

அப்புறம் ஸ்டேஷனுக்குப் போங்கள், இரண்டு பேராக. ஸ்டேஷன் ரைட்டரிடம் (எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரரிடம்) கேளுங்கள். 37-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒரு அதிகாரி, கைதானவர்களின் பெயர் முகவரியை வைத்திருக்கும் பொறுப்பில் இருக்க வேண்டும், அதைப் பார்வையில் படும்படி வைக்கவும் வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலும் கேட்கலாம். “இங்க இல்லை” என்று சொன்னால், சொன்னவர் யார், எத்தனை மணி என்று எழுதுங்கள். உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தால் சாப்பாடும் மருந்தும் கொடுங்கள். சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா என்று எது இருந்தாலும் சீட்டோடு எழுதிக் கொடுங்கள். விசாரணையின்போது வக்கீலைப் பார்க்க 38-ஆம் பிரிவு இடம் தருகிறது. முழு நேரமும் கூடவே இருக்க விட மாட்டார்கள், பார்க்க விட வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் சும்மா இருக்க வேண்டாம். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்றாலும், 1987-ஆம் வருஷச் சட்டப்படி இலவச சட்ட உதவிக்கு உரியவர். பெண்களும் குழந்தைகளும் பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் அப்படியே. 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும்.

உள்ளே இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது

இதை வீட்டில் எல்லோரும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து படித்துவிடுங்கள். பிடித்துக்கொண்டு போன பிறகு சொல்லிக் கொடுக்க வழியில்லை.

பெயர், ஊர், முகவரி கேட்டால் சரியாகச் சொல்லலாம். தன்னைக் குற்றத்தில் சிக்க வைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை இல்லை. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். புலன் விசாரணையில் போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில், சொன்னவரிடம் கையெழுத்தே வாங்கக் கூடாது என்பதுதான் 181-ஆம் பிரிவு. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் போலீஸ் அதிகாரியிடம் சொன்னது கோர்ட்டில் சாட்சியம் ஆகாது என்று இன்றைய சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. அடி தாங்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் உடைந்து போகாதீர்கள். அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. நடுவரிடம் சொல்ல இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். எந்தக் குற்றமாக இருந்தாலும் காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்து மூலம் தர வேண்டும், உடனே முடியாவிட்டால் ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது புதிசு. பல ஸ்டேஷன்களில் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. அதனால்தான் கேட்க வேண்டும்.

கோர்ட்டுக்குக் கொண்டு போவதற்கு முன்னால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போவார்கள். டாக்டர் கூட்டத்துக்கு நடுவில் தலையைத் தூக்காமலே “ஏதாவது காயம் இருக்கா?” என்பார். போலீஸ் பக்கத்திலேயே நிற்கும். அந்த ஒரு வாய்ப்பை விட்டுவிடாதீர்கள். எங்கே அடித்தார்கள், எதனால் அடித்தார்கள் என்று சொல்லுங்கள், சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். அடுத்தது நடுவர். வெளியே நின்று “ஐயா கேட்டா ஒண்ணும் இல்லைன்னு சொல்லு, சீக்கிரம் பெயில் வாங்கித் தர்றோம்” என்று சொல்லி அனுப்புவார்கள். அதை நம்பி வாயை மூடிக்கொண்டு போனவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் 19-ஆம் தேதி பிடித்தார்கள். ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். 22-ஆம் தேதி மகனும் 23-ஆம் தேதி தந்தையும் இறந்தார்கள். டாக்டர், நடுவர், சிறை என்று மூன்று வாசலைத் தாண்டிய பிறகு. அந்த ஸ்டேஷனில் கேமரா இருந்தது, பதிவு தினமும் அழிந்துவிடும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரணைக்குப் போன நடுவர் அறிக்கையில் எழுதினார். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி நகைத் திருட்டு விசாரணை என்று கூட்டிப் போகப்பட்டு இறந்தார். எஃப்.ஐ.ஆர். கூடப் போடாமல் நடந்த விசாரணை. “சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிருவோம்” என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

என் தம்பி நடுவர் கேட்டதும் முதுகைத் திருப்பிக் காட்டினான். வக்கீல் என் மின்னஞ்சலின் அச்சைக் கொடுத்தார். இரவு 11.25-க்கு அனுப்பியது. நடுவர் அதையும் கைதுக் குறிப்பையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு நிமிஷம் பார்த்தார். பேருந்து நிலையத்தில் மறுநாள் மாலை பிடிக்கப்போகும் ஆளைப் பற்றி முந்தின நாள் ராத்திரியே அக்கா எப்படி எழுத முடியும் என்று கேட்டார். பதில் இல்லை. ரிமாண்ட் உத்தரவிலேயே காயத்தையும் நேர முரண்பாட்டையும் பதிந்து, மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னார். ஆறாம் நாள் ஜாமீனில் வந்தான்.

24 மணி நேரம் தாண்டியும் ஆள் எங்கே என்று தெரியாவிட்டால்

உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவு. உள்ளூரிலேயே முடிய வேண்டும் என்றால், சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பவரைத் தேடிக் கொண்டுவர 100-ஆம் பிரிவில் நடுவரும் உத்தரவு போடலாம். வக்கீலிடம் இரண்டையும் கேளுங்கள். இங்கேயும் முதல் கேள்வி, எத்தனை மணிக்குக் கொண்டு போனார்கள் என்பதுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த 24 மணி நேரக் கணக்கு தடுப்புக்காவலுக்குப் பொருந்தாது. அரசியலமைப்பே அதை விலக்கி வைத்திருக்கிறது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் வருஷத்து 14-ஆம் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்க முடியும். இவ்வளவு அதிகாரம் எந்த அரசுக்கும் இருக்கக் கூடாது என்பது என் எண்ணம், எந்தக் கட்சி ஆண்டாலும். ஆனாலும் அதிலும் வாசல் இருக்கிறது. ஐந்து நாளுக்குள் காரணங்களைத் தர வேண்டும், எதிர்த்து முறையிட வாய்ப்புத் தர வேண்டும், அறிவுரைக் குழுமத்தின் முன் வைக்க வேண்டும். கொடுத்த தாள் கட்டில் எந்தப் பக்கம் படிக்க முடியாமல் இருக்கிறது, எது தமிழில் இல்லை, முறையீட்டைப் பரிசீலிக்க எத்தனை நாள் தாமதம் என்று இதையெல்லாம் வைத்தே எத்தனையோ உத்தரவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. அந்தக் கட்டை ஒரு தாள் கூடத் தொலைக்காமல் வக்கீலிடம் கொடுங்கள்.

வெளியே வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். ஸ்டேஷன் கேமராப் பதிவு. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை நீண்ட காலம் பாதுகாக்க வேண்டும், காவலில் பலப்பிரயோகம் நடந்ததாகப் புகார் வந்தால் மனித உரிமை ஆணையம் அதை வரவழைத்துப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆறு மாதம் கழித்துக் கேட்காமல், ஜாமீனில் வந்த அதே வாரத்தில், பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி எஸ்.பி.க்கும் ஆணையத்துக்கும் எழுதிவிடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது, அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்க் காலண்டரிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.